மகளுக்கு லேப்டாப் வாங்க யாரை நம்புவது?

திருத்துறைப்பூண்டி வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்துவிட்டேன். நடவு, களை பறிப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை என்று அவர் பிழைப்பு ஓடுகிறது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணம் பழைய கடனுக்கே சரியாகிவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த மூத்த மகள் இந்த ஆண்டு பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். கல்லூரி லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்தால் செல்போனில்தான் புரோகிராம் எழுதிப் பார்க்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் சொந்த லேப்டாப் கொண்டு வருவதைச் சொல்லி ஒருநாள் அழுதிருக்கிறாள்.

லேப்டாப்புக்கு மூன்று வழிகள் தெரிகின்றன என்கிறார் அந்தத் தாய். டவுன் ஷோரூமில் "வட்டியில்லாத் தவணை": மாதம் ரூ.3,500 வீதம் 12 மாதம். ரொக்கமாகக் கொடுத்தால் அதே லேப்டாப் ரூ.39,500. தவணையில் எடுத்தால் பிராசஸிங் கட்டணம் 1,000, இன்ஷூரன்ஸ் 1,500 முன்பணமாகத் தனியே கட்ட வேண்டும். இரண்டாவது, தெரிந்த பையன் ஒருவன் ரூ.6,000க்குத் தருவதாகச் சொல்லும் அரசு முத்திரை போட்ட பழைய லேப்டாப். மூன்றாவது, "மத்திய அரசுத் திட்டம்" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு டிரஸ்ட்காரர். தெருவில் இவர் வீட்டையும் சேர்த்துப் பதினோரு வீட்டில் தலைக்கு ரூ.1,500 வசூலித்திருக்கிறார். பிள்ளைகள் பெயரில் புதிதாக பேங்க் கணக்கு தொடங்கவைத்து, அவர்கள் ஆதாரிலேயே சிம் எடுத்து அந்த எண்ணைக் கணக்கில் போடவைத்து, சிம்மையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மானியம் ஏறியதும் லேப்டாப்போடு எல்லாம் திரும்பி வரும் என்பது அவர் பேச்சு.

"எந்த வழி நல்லது? தவணை கட்ட முடியாமல் போனால் ஜெயிலுக்குப் போகணுமா? ஏழைப் பிள்ளைக்கு கவர்மென்ட் கொடுக்க வேண்டியதுதானே, கொடுக்காவிட்டால் கேஸ் போடலாமா?" இவை அவர் கேள்விகள்.

அம்மா, உங்கள் கடிதத்தில் தவணையைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்குக் கவலை அந்த ஒரு வரியில்தான். லேப்டாப் பேச்சை ஒரு வாரம் ஒத்திவைத்தாலும் நட்டமில்லை. கார்டு விஷயத்தை நாளைக்கு என்று விடாதீர்கள்.

முதல் வேலை: அந்தக் கார்டும் சிம்மும்

அரசு மானியம் எதற்கும் பயனாளியின் ஏ.டி.எம். கார்டை மூன்றாம் மனிதர் வைத்திருக்கத் தேவையே இல்லை. இப்படி வாங்கப்படும் கணக்குகள் பெரும்பாலும் ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுகின்றன. எங்கோ யாரையோ போனில் ஏமாற்றிப் பறித்த பணம் முதலில் இந்தக் கணக்குக்கு வரும், வந்த சூட்டிலேயே கார்டு வழியாக எடுக்கப்பட்டுவிடும். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும். தடத்தில் கிடைப்பது டிரஸ்ட்காரர் பெயர் அல்ல, உங்கள் மகள் பெயர். கணக்கு முடக்கப்படும். வேறு மாநிலப் போலீஸிடமிருந்து விசாரணைக்கு அழைப்பு வரக்கூடும். பதினெட்டு வயதுப் பெண் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நிரூபிக்கக் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கு அதற்கென்று ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு தொடங்கும்போது அந்த இணைப்புப் படிவத்திலும் மகள் கையெழுத்துப் போட்டிருந்தால், அவளுக்கு வர வேண்டிய உதவித்தொகையே திசைமாறிப் போகலாம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 தவறாமல் பழைய கணக்கில் ஏறுகிறதா என்று பாஸ்புக்கில் பதிவுபோட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மகளை அழைத்துக்கொண்டு கணக்கு தொடங்கிய கிளைக்குப் போங்கள். கார்டை முடக்கவும், கணக்கில் உள்ள செல் எண்ணை மாற்றவும், இதுவரை நடந்த வரவு செலவுப் பட்டியலைத் தரவும் எழுத்தில் கேளுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பணம் வந்திருந்தால் அதில் ஒரு ரூபாயைக்கூட எடுக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு இணையதளத்தில் மகள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். அவளே செல்போனில் பார்த்துவிடுவாள். அவளுடையது அல்லாத எண்ணை அங்கேயே குறித்து நிறுத்தக் கேட்கலாம்.

பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அங்கே தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். முடிந்தால் பதினோரு வீட்டாரும் சேர்ந்தே போங்கள். "நாமே போய் மாட்டிக்கொள்வோமோ" என்று பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டவர்கள். மோசடி வெளியே தெரியும் முன்பே அவர்களே தேடிப்போய்ப் புகார் கொடுத்தார்கள் என்பதற்கு அந்த ரசீது சாட்சி. பின்னால் எந்த ஊர்ப் போலீஸ் கேட்டாலும் முதலில் அதைத்தான் காட்டுவீர்கள். 1,500 ரூபாய் திரும்பி வருமா என்று இப்போது யோசிக்காதீர்கள். வந்தால் நல்லது.

"வட்டியில்லாத் தவணை" எத்தனை வட்டி?

வட்டியே இல்லை என்று ஷோரூமில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறித்துக் கொடுத்த எண்களைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்க விலை 39,500. தவணையில் 12 மாதமும் சேர்த்து 42,000, அதோடு முன்பணம் 2,500. ஆக 44,500. அதிகப்படி 5,000 ரூபாய். முன்பணத்தைக் கழித்தால் ஃபைனான்ஸ் கம்பெனி உங்களுக்காகப் போடும் பணம் 37,000தான். அதற்கு மாதம் 3,500 வீதம் ஓர் ஆண்டு கட்டுகிறீர்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வருகிறது. நம் பக்கம் இரண்டு வட்டி என்போமே, அதேதான். ஆண்டுக்கு 24 சதவீதம்.

பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தள்ளுபடியை இழப்பதிலும் கட்டணங்களிலும் வட்டி ஒளிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். வாங்கிப் படித்து முடிவு செய்ய மூன்று வேலை நாளாவது அவகாசமும் உண்டு. "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால், தமிழில் அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வட்டியைவிட என்னை யோசிக்க வைப்பது தேதி. மாதாமாதம் 5ஆம் தேதி கணக்கில் 3,500 இருக்க வேண்டும். உங்கள் கூலி மாதாமாதம் வருவதில்லை. கடைமடையில் நேரடி விதைப்பு பெருகிய பிறகு நடவு வேலையே குறைந்துவிட்டது. அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் களை, மாசி, பங்குனியில் உளுந்து, பயறு. சித்திரை தொடங்கி, ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை கையில் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த மாதங்களில் ஒரு தவணை தவறினால் ஃபைனான்ஸ் ஓர் அபராதம் போடும், பேங்க் தனியாக ஒன்று போடும்.

ஜெயில் பற்றிக் கேட்டீர்கள். கடனைத் திருப்பிக் கட்ட முடியாதது மட்டுமே குற்றம் ஆகாது. அது சிவில் விவகாரம். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தவணைக்காகக் கணக்கிலிருந்து தானே பணம் பிடிக்கச் சம்மதம் எழுதிக் கொடுக்கிறோமல்லவா, அது பணமில்லாமல் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டம் 25ஆம் பிரிவில், செக் பவுன்ஸ் போலவே வழக்குத் தொடர இடமிருக்கிறது. அதற்கும் முதலில் நோட்டீஸ் வர வேண்டும், பணம் கட்ட அவகாசம் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் பரணில் போட்டுவிடாமல் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யவோ வாசலில் நிற்கவோ கூடாது. மிரட்டுவதும், அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவதும் விதிமீறல்.

தவறிய தவணை, யார் கடனை எப்படிக் கட்டினார் என்று குறித்து வைக்கும் சிபில் கணக்கில் உங்கள் பெயரில் ஏறும் என்பதையும் யோசியுங்கள். நாளைக்கு மகளின் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டால் பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது பேங்க் அந்தக் கணக்கையும் பார்க்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், உங்கள் நிலையில் இந்தத் தவணை வேண்டாம் என்பதே என் கருத்து.

அரசு முத்திரை போட்ட லேப்டாப்

இதை வாங்கவே வேண்டாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தவை விற்பனைக்கு உரியவை அல்ல. வாங்கிய மாணவரே விற்கிறாரா, பள்ளியில் திருடு போனதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் குற்றம். பில்லும் கிடையாது. போதாக்குறைக்கு அந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இன்றைய பாடத்துக்குத் தாங்காத அளவுக்குப் பழையவை.

கவர்மென்ட் மேல் கேஸ் போடலாமா?

இலவச லேப்டாப் என்பது அரசு அறிவிக்கும் நலத்திட்டம். ரேஷன் போலச் சட்டமே உறுதிசெய்த உரிமை அல்ல. ஏழை என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டுப் பெற முடியாது. தகுதி இருந்தும் பட்டியலில் விட்டிருந்தால் அது வேறு கதை, அப்போது கேள்வி கேட்கலாம்.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இதற்குப் பெயர் போவது கல்லூரி வழியாக மட்டும்தான். கட்டணம் கிடையாது, இடைத்தரகர் கிடையாது. மகளின் பெயரும் ஆதார் விவரமும் கல்லூரிப் பதிவில் சரியாக இருக்கிறதா, முதலாண்டு மாணவர் பட்டியல் எப்போது என்று துறைத்தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள். சரியான பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில் தமிழிலேயே மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மகளுக்கு உண்மையில் என்ன வேண்டும்

இதை எழுதும் முன் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். பி.சி.ஏ. முதலாண்டில் சி, பைத்தான், அலுவலக மென்பொருள் இவைதான் முக்கியம், இதற்கு 40,000 ரூபாய் லேப்டாப் தேவையில்லை என்றார். கம்பெனிகளில் சில ஆண்டு ஓடி, சுத்தம் செய்து விற்பனைக்கு வரும் தின்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் வகைப் பழைய லேப்டாப் போதும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் பார்க்கலாம், கடைக்குக் கடை விலை மாறும்.

எட்டாம் தலைமுறை என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப்கள் அநேகமாக எல்லாமே விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அவற்றைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால் அதையும் வாங்கலாம். ஆனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உபுண்டு, மின்ட், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாமே இலவசம். சி, ஜாவா, பைத்தான் எல்லாம் அதில் நன்றாக ஓடும். திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வரும்.

கடையில் மகளையே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போகும் நேரத்துக்கு அதுதான் துணை. மூடி ஆடுகிறதா, எல்லா எழுத்தும் விழுகிறதா, ஆன் செய்ததும் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. பில், அதில் சீரியல் எண், எத்தனை மாத வாரண்டி என்பது எழுத்தில். வாய் வார்த்தை வேண்டாம்.

பழைய பொருளுக்குப் புகார் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பில் போட்டு விற்ற பழைய பொருளும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். 1915-ல் புகார் சொல்லலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

வகுப்பில் மற்றவர்கள் கையில் இருப்பதைப் பார்த்து அழுத பிள்ளையிடம், பழைய லேப்டாப் என்று சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பெரு நாட்டில் 'பிள்ளைக்கொரு லேப்டாப்' என்று எட்டு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2012-ல் வெளிவந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. லேப்டாப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அவளுக்குக் கட்டாயம் வேண்டும். புதுசா பழசா என்பதைவிட தினம் எத்தனை மணி நேரம் அதில் எழுதிப் பழகுகிறாள் என்பது முக்கியம் என்பதற்காகச் சொன்னேன்.

பணத்துக்கு எங்கே போவது

"குழுவில் எடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் இரண்டையுமே குழு என்கிறோம். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி வாரத்துக்கோ மாதத்துக்கோ வசூலுக்கு வரும் குழு வேறு, நீங்களே சேமிப்புப் போடும் மகளிர் சுய உதவிக் குழு வேறு. மைக்ரோ ஃபைனான்ஸில் இன்னொரு கடன் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பழைய கடனே அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

சுய உதவிக் குழுவின் உள்கடன்தான் உங்களுக்கு ஏற்ற வழி. சேமிப்பு உங்களுடையது, வட்டியையும் தவணையையும் முடிவு செய்வது உங்கள் கூட்டம். வட்டி குழுவுக்கே திரும்பும். வேலை இல்லாத மாதங்களில் வட்டி மட்டும், களை வேலையும் உளுந்து எடுப்பும் உள்ள மாதங்களில் அசலோடு என்று தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாம். இந்த வசதியை எந்த ஃபைனான்ஸும் தராது. 15,000-ல் மகளின் புதுமைப்பெண் பணத்தில் கொஞ்சம் சேர்த்துவிட்டால் கடன் பத்தாயிரத்துக்குள் நிற்கும். அது அவள் பணம். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு எடுங்கள்.

கல்விக் கடனிலும் படிப்புக்கு அவசியமான கம்ப்யூட்டர் விலையைச் சேர்க்க இடமுண்டு. நான்கு லட்சம் வரை பெற்றோர் கையெழுத்து போதும், சொத்து ஈடு வேண்டாம். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். லேப்டாப்புக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம். விடுதிக் கட்டணம், பஸ், புத்தகம் எல்லாம் சேர்ந்து நெருக்கினால் மட்டும் யோசியுங்கள்.

தெருவில் இன்னும் பத்துப் பிள்ளைகள்

பதினோரு வீட்டில் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், பதினோரு பிள்ளைகளுக்குத் தேவை இருக்கிறது. எல்லோராலும் லேப்டாப் வாங்க முடியாது. உங்கள் ஊராட்சியில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006-க்குப் பிறகு கட்டிய நூலகம் இருக்கும். பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது. அங்கே மூன்று பழைய டெஸ்க்டாப் போட்டு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்து வைத்தால், லேப்டாப் வாங்கிய வீட்டுப் பிள்ளையும் வாங்காத வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். சாவி மகளிர் குழுவிடம் இருக்கட்டும், பெண் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புவார்கள். மழையில் தரை ஓதம் ஏறும் கட்டடமென்றால் சி.பி.யு.வை மேசை மேல் வையுங்கள்.

இதைக் கிராமசபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. பதினோரு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட மனுவை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் உங்கள் மகளையே எழுந்து பேசச் சொல்லுங்கள். என்ன படிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதை அவளைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

டிரஸ்ட்காரர் விவகாரத்திலோ, பின்னால் நோட்டீஸ் ஏதும் வந்தாலோ, வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100-ல் அழையுங்கள். போகும்போது பேங்க் முத்திரை வைத்த மனு, சி.எஸ்.ஆர். ரசீது, டிரஸ்ட்காரர் கொடுத்த துண்டுச்சீட்டோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.